பட்டறைப் பதில்கள்: நுழையுமா இந்த வண்டி?

கேள்வி: 1951-ஆம் ஆண்டு செவ்ரோலே 3100 பிக்கப் டிரக் ஒன்றை வாங்கப் பேசி முடித்திருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாகக் கொட்டகையில் ஓடாமல் நின்ற வண்டி. விற்பவர் டேப் பிடித்து அளந்து சொன்ன கணக்கு இது: நீளம் 16 அடி 1 அங்குலம், அகலம் 6 அடி 2 அங்குலம், உயரம் 6 அடி 3 அங்குலம். என் கராஜின் உள் நீளம் 18 அடி, உள் அகலம் 9 அடி 6 அங்குலம். வாசலின் அகலம் 7 அடி 6 அங்குலம், உயரம் 6 அடி 8 அங்குலம். ஷட்டர் கதவு. எல்லாப் பக்கமும் தாராளம் என்று நான் சொல்கிறேன். “எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்” என்கிறார் என் மனைவி. முன்பணம் கொடுத்துவிடலாமா? சொல்ல மறந்துவிட்டேன், தெருவிலிருந்து கராஜுக்குப் பத்தடி நீள வழி. அதற்குள் ஓரடி இறக்கம்.

பதில்: முன்பணத்தை இந்த வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதிய ஏழு அளவுகளும் அசையாமல் நிற்கும் வண்டிக்கும் அசையாமல் நிற்கும் சுவருக்கும் உரியவை. வண்டி அசைந்துதானே உள்ளே போக வேண்டும்? “சொல்ல மறந்துவிட்டேன்” என்று கடைசியில் ஒட்டவைத்த அந்தப் பத்தடி வழியில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். 6 அடி 8 அங்குலத்தில் 6 அடி 3 அங்குலம் போனால் மிச்சம் 5 அங்குலம். நீங்கள் லிண்டலின், அதாவது வாசலுக்கு மேல் சுவரைத் தாங்கும் உத்தரத்தின், அடியிலிருந்து அளந்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் அளக்கிறார்கள். ஷட்டரை முழுவதும் மேலே ஏற்றிவிட்டு, தொங்கும் அடிப்பட்டையிலிருந்து தரை வரை மறுபடி அளந்து பாருங்கள். சுருண்டு ஏறிய பிறகும் அந்தப் பட்டை லிண்டலுக்குக் கீழே கொஞ்சம் தலைகாட்டிக்கொண்டிருக்கும். ஒன்றரை அங்குலம் என்று வையுங்கள். மிச்சம் மூன்றரை.

இப்போது சரிவுக்கு வருவோம். 3100 வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் உள்ள தூரம், 116 அங்குலம். கேபின் கூரையின் உச்சி முன் அச்சுக்குப் பின்னால் ஏறக்குறைய 50 அங்குலத்தில் வருகிறது என்று கொள்வோம். அந்த உச்சி ஷட்டருக்கு நேர் கீழே வரும் நொடியில் முன் சக்கரங்கள் 50 அங்குலம் உள்ளே போயிருக்கும். பின் சக்கரங்கள் 66 அங்குலம் வெளியே, இன்னும் சரிவின் மேல் நிற்கும். பத்துக்கு ஒன்று சரிவு என்றால் பின் சக்கரங்கள் கராஜ் தரையைவிட ஆறரை அங்குலத்துக்கு மேல் உயரத்தில் இருக்கின்றன. வண்டி மூக்கைத் தாழ்த்தி முதுகைத் தூக்கிக்கொண்டு நுழைகிறது. அந்தத் தூக்கலில் கூரையின் பங்கு கிட்டத்தட்ட மூன்று அங்குலம். ஆக, மிச்சம் அரை அங்குலம்.

“அப்படியானால் ரிவர்ஸில் விட்டுவிடுகிறேன்” என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இப்போது பின் சக்கரங்கள் 66 அங்குலம் உள்ளே, முன் சக்கரங்கள் 50 அங்குலம் வெளியே. முன்பக்கம் ஐந்து அங்குலம் தூக்கும். கூரை முன் அச்சுக்கு அருகில் இருப்பதால் அதில் பெரும்பங்கு கூரைக்கே போகும். விடை அதே மூன்று அங்குலம். எனக்கே இது முதலில் நம்பிக்கையில்லாமல் இருந்தது. தரையில் சாக்பீஸால் இரண்டு முறை போட்டுப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

அரை அங்குலமாவது இருக்கிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள். பதினோரு ஆண்டு நின்ற வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். டயரில் காற்று இருக்காது. வண்டியைத் தாங்கும் கமான் பட்டைகள், அதாவது வளைந்த ஸ்பிரிங் பட்டைகள், களைத்துத் தட்டையாகியிருக்கும். விற்பவர் அளந்தது படுத்திருக்கும் வண்டியை. நீங்கள் அதைப் பழுதுபார்த்து எழுப்பி நிறுத்தினால் அது தன் உண்மையான உயரத்துக்கு வரும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என்னிடம் 1949 ஃபோர்டு எஃப்-1 ஒன்று இருந்தது. காற்றில்லாத டயர்களோடு இன்னொரு வண்டியின் முதுகில் ஏறி வந்தது. ஐந்து பேர் பின்பக்கமாகத் தள்ளிப் பட்டறைக்குள் விட்டோம். லிண்டலுக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி. அளவெடுத்துக் கட்டியதுபோல் இருக்கிறது என்று அன்று பெருமைப்பட்டேன். மூன்று ஆண்டு உள்ளேயே வைத்து வேலை செய்தேன். கமான் பட்டைகளைக் கழற்றிப் புதிதாக வளைத்துப் போட்டேன், ரப்பர் புஷ்களை மாற்றினேன், டயர் புதிது, டிங்கரிங் முடித்துப் பெயின்டும் அடித்தாகிவிட்டது. வெளியே எடுக்கும் நாள் வந்தது. பம்பர் வெளியே வந்தது, பானெட் வெளியே வந்தது. பிறகு தலைக்கு மேல் டொக் என்று ஒரு சத்தம்.

டயர்களில் காற்றை இறக்கினோம். ஓர் அங்குலம் கிடைத்தது, போதவில்லை. பின் பெட்டியில் மணல் மூட்டைகளை அடுக்கினோம். பின்பக்கம் மூன்று அங்குலம் தாழ்ந்தபோது கூரை ஒன்றேகால்தான் தாழ்ந்தது. பாரம் பின் அச்சின் மேல் உட்காருகிறது, கேபினோ முன் அச்சுக்கு அருகில் இருக்கிறது, வேறு எப்படி இருக்கும்? கடைசியில் என் மைத்துனரும் அவருடைய இரண்டு நண்பர்களும் முன் பம்பரில் ஏறி நிற்க, வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தி வெளியே கொண்டுவந்தோம். கூரையில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். அதை நானே பட்டி போட்டு மறைத்தேன். டிங்கரிங் தெரிந்தவனுக்கு அன்று கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

ஆகையால் உங்கள் வண்டியின் உயரத்தோடு ஒன்றரை அங்குலமாவது கூட்டிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து 6.00-16 அளவு டயருக்குப் பதிலாகப் பெரியது போடும் எண்ணம் இருந்தால், விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதியையும் சேருங்கள். கூட்டிப் பார்த்தால் உங்கள் கூரை ஷட்டரில் ஓர் அங்குலம் இடிக்கிறது.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு ஒரு பலகை போதும். 116 அங்குலம், அதாவது 9 அடி 8 அங்குலம் நீளத்தில் வளையாத ஒரு பலகையை எடுங்கள். இரண்டு முனைகளிலும் அடியில் ஒவ்வொரு செங்கல்லைக் கட்டுங்கள், அவைதான் சக்கரங்கள். முன் முனையிலிருந்து கூரை உச்சிக்கு உள்ள தூரத்தை விற்பவரிடம் கேட்டு, அந்த இடத்தில் ஒரு ரீப்பர் கட்டையை மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக அடியுங்கள். அதன் உச்சி தரையிலிருந்து 6 அடி 4½ அங்குலத்தில் இருக்கட்டும். நுனியில் ஒரு சாக்பீஸைக் கட்டிவிடுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, செங்கல் தரையை விடாமல், தெருவிலிருந்து கராஜுக்குள் நகர்த்திச் செல்லுங்கள். ஷட்டர் பட்டையில் வெள்ளைக் கோடு விழுந்தால் வண்டியும் அங்கேதான் இடிக்கும். சரிவு சீராக இல்லாமல் நடுவில் மேடு தட்டியிருந்தால் பலகையின் வயிறு உரசுவதும் தெரிந்துவிடும். எந்தக் கணக்கைவிடவும் இந்தப் பலகையை நான் நம்புகிறேன். அண்டை வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இடித்தால் வழி இல்லாமல் இல்லை. ஷட்டரின் மேல்தடையை மாற்றி வைத்து அடிப்பட்டை லிண்டலுக்கு மேல் ஏறும்படி செய்ய முடிகிறதா என்று பொருத்தியவரிடம் கேளுங்கள். போன ஒன்றரை திரும்பி வரும். வாசலுக்கு வெளியே முதல் மூன்றடியை மட்டமாக்கினால் இன்னும் ஓர் அங்குலம் கிடைக்கும். ஆசைப்பட்டு ஆறடிக்கு மட்டமாக்காதீர்கள். மீதி நான்கடிக்குள் முழு ஓரடியும் இறங்க வேண்டிவரும், அப்போது வண்டியின் மூக்கு தரையில் உரசும். இரண்டையும் செய்தால் கூரைக்கு மேல் ஒன்றரை அங்குலம் நிற்கும். வண்டிக்கு அது போதும். உங்கள் நிம்மதிக்குப் போதுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அகலம் பற்றி அவ்வளவு கவலை இல்லை. வாசலில் பக்கத்துக்கு எட்டு அங்குலம் இருக்கிறது, ஆனால் பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்து அளந்தாரா என்று கேளுங்கள், பலரும் அளப்பதில்லை. உள்ளே மொத்தம் 40 அங்குலம் மிச்சம். இடதோ வலதோ, ஓட்டுநர் இறங்காத பக்கத்தில் ஆறு அங்குலம் விட்டு நிறுத்தினால் உங்கள் பக்கம் 34 கிடைக்கும். தாராளம்தான், அந்தச் சுவரில் அலமாரி இல்லாதவரை. நீங்கள் எழுதவில்லை என்றாலும் அங்கே ஓர் அலமாரி இருக்கும். கராஜ் என்று ஒன்று இருந்தால் அதில் அலமாரி ஒன்று முளைத்துவிடும். தரையில் சாக்பீஸால் வண்டியின் உருவத்தை வரைந்து, ஓட்டுநர் இருக்கை வரும் இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். கதவுக்குப் பதிலாக ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள். குளிர்கால உடுப்போடும் ஒருமுறை.

நீளத்தில் 23 அங்குலம் மிச்சம் என்பது காகிதத்தில் நன்றாக இருக்கிறது. அந்தக் காலத்துப் பிக்கப்களில் பின் பம்பர் பெரும்பாலும் தனியாகக் கேட்டு வாங்கிப் பொருத்துகிற சாமான். விற்பவர் பம்பரோடு அளந்தாரா, இல்லை பெட்டியின் பின் கதவோடு நிறுத்திக்கொண்டாரா என்று கேளுங்கள். பின் கதவைக் கீழே இறக்கினால் இன்னும் ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம். அதாவது ஷட்டரை மூடிவிட்டுப் பின் கதவைத் திறக்கும் நாளில் உங்கள் மூக்கு சுவரில் இருக்கும். பானெட்டைத் திறக்கும்போது அதன் நுனி எவ்வளவு உயரம் போகிறது என்றும் பாருங்கள். பின்பக்கமாக நுழைத்து நிறுத்தினால் பானெட் நேராக ஷட்டர் உருளைக்கு அடியில் வந்து நிற்கும்.

கேள்வி: என் கணவர் 1970-களின் ஃபோர்டு எஃப்-100 ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். தொலைபேசியில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நீளம் சொல்கிறார்கள். ஒரே பெயருள்ள வண்டிக்கு எப்படி இத்தனை நீளம்?

பதில்: பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம் அம்மா, எல்லோரும் உண்மையே சொல்லியிருக்கலாம். 1973 முதல் 1979 வரை வந்த எஃப்-100-இல் சாதாரண கேபின் வண்டிக்கே இரண்டு வீல்பேஸ் உண்டு. ஏறக்குறைய ஆறே முக்கால் அடிப் பெட்டி என்றால் 117 அங்குலம், எட்டடிப் பெட்டி என்றால் 133 அங்குலம். பதினாறு அங்குல வித்தியாசம். 1967-இலிருந்து 1972 வரையிலான செவ்ரோலே சி10-இலும் இதே கதை, 115-உம் 127-உம். முதல் கேள்வி கேட்டவரும் இதைக் கவனிக்கட்டும்: அவருடைய 3100-க்கு அதே முகத்தோடு இரண்டு அண்ணன்மார் உண்டு. 3600-இன் வீல்பேஸ் 125¼ அங்குலம், 3800-க்கு 137. முன்னால் நின்று எடுத்த படத்தை வைத்து மூன்றையும் பிரித்துச் சொல்வது கடினம்.

அதனால் நீளம் என்ன என்று கேட்காதீர்கள். பம்பர், இழுவைக் கொக்கி, ஏறும் படி என்று அந்த எண்ணில் பலதும் ஒட்டிக்கொள்ளும். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். அந்த எண்ணை ஒருவரும் கூட்டிக் குறைத்து மாற்ற முடியாது. பிறகு முன் சக்கரத்தின் நடுவிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கடைசிப் பொருள் வரைக்கும், பின்னாலும் அதேபோலவும் கேட்டு, மூன்றையும் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். கேபினின் முதுகுக்கும் பின் சக்கர வளைவுக்கும் நடுவில் நீளமான வெறும் தகரம் தெரிந்தால் அது எட்டடிப் பெட்டி.

கேள்வி: பழைய வண்டி என்றால் இன்றைய வண்டியைவிடக் குறுகலாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம் என்கிறான் நண்பன். சரியா?

பதில்: உங்கள் நண்பர் எந்த ஆண்டு வண்டியைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. 1950-களின் நடுப்பகுதி வரை பிக்கப் என்றால் குறுகிய பெட்டியும் அதற்கு வெளியே புடைத்து நிற்கும் மட்கார்டும்தான். 1955-இல் செவ்ரோலே கேமியோ கேரியர் வழுவழுப்பான பக்கங்களோடு வந்தது. 1957-இல் ஃபோர்டு ஸ்டைல்சைடு, 1958-இல் செவ்ரோலே ஃப்ளீட்சைடு. இவை வந்தபிறகு பெட்டி கேபினின் அகலத்துக்குப் பரந்துவிட்டது. புடைத்த மட்கார்டு வண்டியில் சக்கரத்தின் அருகில்தான் அதிக அகலம். பரந்த பெட்டியில் வண்டி நெடுக அதே அகலம். முதல் வகையில் பெட்டியின் பக்கமாக ஒருவர் ஒருக்களித்து நடக்கலாம், இரண்டாவதில் முடியாது.

அமெரிக்க விதிப்படி 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள வண்டிக்குக் கூடுதலாக அடையாள விளக்குகள் வைக்க வேண்டும். அதனால் பரந்த பெட்டி வண்டிகள் பலவும் 80-க்குக் கீழே, தொட்டும் தொடாமலும் நின்றுவிடும். கண்ணாடிகள் அந்தக் கணக்கில் சேராது. உங்கள் வாசல் ஏழடி, அதாவது 84 அங்குலம் என்றால், நண்பர் பேச்சைக் கேட்டு வாங்கிவிட்டுக் கண்ணாடிகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: கராஜின் கூரை 9 அடி உயரம். லிஃப்ட் பொருத்தி, மேலே என் காரையும் கீழே பிக்கப்பையும் நிறுத்தலாமா?

பதில்: பிக்கப் ஆறேகால் அடி. தாழ்ந்த கார் என்றாலும் நான்கரை அடி. லிஃப்டின் தட்டைக் கணக்கில் சேர்க்காமலே பத்தே முக்கால் அடி ஆகிவிட்டது. காரின் கூரையைப் பிடுங்கிவிட்டால் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் கராஜ் நேர் வாசல் இல்லை. குறுகிய வழியில் வந்து சட்டென்று திரும்பித்தான் நுழைய வேண்டும். வாசலின் அகலம் போதும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் உள்பக்கத் தூணில் பின் மட்கார்டு உரசுகிறது. மகன் நன்றாகத்தான் ஓட்டுகிறான்.

பதில்: மகனைத் திட்டாதீர்கள். திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு வெட்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. வீல்பேஸை அதே வீல்பேஸால் பெருக்கி, திரும்பும் வட்டத்தின் விட்டத்தால் வகுங்கள். வீல்பேஸ் 9 அடி 8 அங்குலம், வட்டம் 42 அடி என்றால் இரண்டடிக்கு மேல் வருகிறது. முன்பக்கம் தூணைத் தாண்டிய இடத்தைவிட இரண்டடி உள்ளே பின் மட்கார்டு வரும் என்று அர்த்தம். அங்கேதான் தூண் நிற்கிறது.

பின்பக்கமாக நுழையச் சொல்லுங்கள். அப்போது திரும்பாத சக்கரங்கள் முதலில் வாசலுக்குள் போய்விடும். திரும்பும் சக்கரங்கள் இடம் உள்ள வெளிப்பக்கத்தில் இருந்துகொண்டு வண்டியை நேராக்கும். ஆனால் பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டியில், நிறுத்தி வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்ப முயன்றால் தோள்பட்டை போய்விடும். நகர்ந்துகொண்டே திருப்ப வேண்டும், நகர்வதற்கு இடம் வேண்டும். திறந்த வெளியில் இரண்டு வாளிகளைத் தூண்களாக வைத்துப் பழகட்டும். டயர்களில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓட்டினால் நான்கு சக்கரத்தின் ஈரத் தடமும் தரையில் விழும். எது எங்கே வெட்டுகிறது என்று பார்த்துவிடலாம். வாளி நசுங்கினால் பரவாயில்லை.

கேள்வி: வண்டி நுழைந்துவிட்டது, ஆனால் முன் சுவருக்கு ஓரடி மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பதில்: சரியான இடத்தில் ஒருமுறை நிறுத்திவிட்டு, கூரையிலிருந்து ஒரு டென்னிஸ் பந்தை நூலில் கட்டி, முன் கண்ணாடியைத் தொடும்படி தொங்கவிடுங்கள். அடுத்த முறை பந்து தொட்டதும் நிறுத்திவிடலாம். கூடவே முன் சக்கரங்கள் முட்டும்படி தரையில் ஒரு தடிமனான மரக்கட்டையைப் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். 1960-களின் பிற்பகுதிக்கு முந்தைய பிக்கப் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவற்றின் பிரேக் எண்ணெய் ஒரே வழியில் போகிறது. ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் போய்விடும். பந்து அதைத் தடுக்காது.

கேள்வி: வண்டியை நிறுத்திய மறுநாள் கராஜ் முழுவதும் பெட்ரோல் வாசனை. பழைய வண்டி என்றால் இப்படித்தான் இருக்குமா?

பதில்: கொஞ்சம் இருக்கும், முழுவதும் இருக்கக் கூடாது. அந்தக் காலத்துப் பிக்கப்கள் பலவற்றில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, இருக்கையின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வாசனை வண்டிக்குள் அதிகமா வெளியே அதிகமா என்று முதலில் மோந்து பாருங்கள். உள்ளே என்றால் டேங்க் மூடியின் ரப்பர், நிரப்பும் குழாயின் இணைப்பு. வெளியே என்றால் கார்பரேட்டர், அதற்குப் பெட்ரோலை ஏற்றும் பம்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். அதனால்தான் கராஜில் தண்ணீர் சூடாக்கும் கருவி வைத்தால் அதன் தீ மூட்டும் பகுதி தரையிலிருந்து 18 அங்குலமாவது உயரத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கட்டட விதிகள் சொல்கின்றன. கசிவைச் சரிசெய்யும் வரை வண்டி வெளியிலேயே நிற்கட்டும். பனி விழுந்தாலும் சரி.

கேள்வி: எல்லா வழியிலும் அளந்துவிட்டேன். மூன்று அங்குலம் உயரம் இடிக்கிறது. கேபினின் கூரையை வெட்டித் தாழ்த்திவிட்டால் என்ன? படங்களில் அழகாகத்தான் இருக்கிறது.

பதில்: அழகாகத்தான் இருக்கும். என் கையால் இரண்டு வண்டிகளுக்குச் செய்திருக்கிறேன். கூரையைத் தாங்கும் தூண்களில் மூன்று அங்குலம் வெட்டி எடுத்துவிட்டுக் கூரையை அப்படியே கீழே வைத்துவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தூண்கள் சாய்வாக நிற்பவை. கீழே இறக்கினால் மேல் துண்டும் அடித் துண்டும் ஒன்றுக்கொன்று சந்திக்காது. கூரையை நடுவில் பிளந்து நீட்ட வேண்டும், அல்லது தூண்களைச் சாய்க்க வேண்டும். கதவுச் சட்டங்கள் இரண்டையும் வெட்டி ஒட்ட வேண்டும். முன் கண்ணாடி, பின் கண்ணாடி, கதவுக் கண்ணாடிகள், எல்லாம் புதிய அளவு. மழைத் தண்ணீர் ஓடும் விளிம்பை மறுபடி உருவாக்க வேண்டும். இதெல்லாம் முடிந்து உள்ளே உட்கார்ந்தால் உங்கள் தலை கூரையில் இடிக்கும்.

முதல் வண்டியை முடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று, இரண்டாவதை நான்கில் முடித்தேன். லிண்டலை மூன்று அங்குலம் உயர்த்துவது ஒரு கொத்தனாருக்கு ஒரு வார வேலை. மேலே சுவரின் பாரத்தை எது தாங்குகிறது என்று ஒரு பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகு. வெட்டிய கூரையைத் திரும்ப வளர்க்க முடியாது. கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்போது பலகையையும் செங்கல்லையும் தயாராக வைத்திருங்கள். மூன்று அங்குலம் என்று கேட்டுவிட்டு, மறுபடி அளந்து, ஐந்தாகச் செய்யச் சொல்லுங்கள்.